பொன்னாடையைக் கொஞ்சம் மடித்து வையுங்கள்

ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க், பிளாஸ்டோ பக்கங்களில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள் எல்லாவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்து, நிகழ்ச்சி முடிந்ததும் கதிரை அடுக்கிவிட்டுப் போகிற ஆள்தான். எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினன் இல்லை. 2026 மே 7ஆம் திகதி கிழக்கு லண்டனில் எங்கள் நியூஹாம் பரோவில் (உள்ளூராட்சிப் பிரிவில்) 66 கவுன்சிலர்களையும் ஒரு மேயரையும் தெரிவு செய்யப் போகிறோம். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். நேரில் கேட்டால் "உனக்கேன் தம்பி உந்தக் கதை" என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு ஆண்டு விழா. எந்தச் சங்கம் என்று சொல்லப் போவதில்லை, எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். பிள்ளைகளின் நடனம் பாதியில் நிற்கிறது. பிரதம விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்துவிட்டார், பாட்டை நிறுத்திவிட்டார்கள். சலங்கை கட்டிய எட்டு வயதுப் பிள்ளைகள் மேடையின் ஓரத்தில் ஒதுங்கி நிற்க, பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம், படம். அவர் "வணக்கம்" என்றார், கைதட்டினோம். தமிழர்கள் கடின உழைப்பாளிகள் என்றார், திரும்பவும் தட்டினோம். இருபது நிமிடத்தில் ஆள் இல்லை. எனக்கு முன்னால் இருந்த வயதான அம்மா திரும்பிக் கேட்டார்: "தம்பி, உவர் ஆர்? என்ன செய்யிறவர்?" சுற்றி இருந்த ஐந்தாறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் வார்ட்டின் (வட்டாரத்தின்) கவுன்சிலரா, வேறு வார்ட்டா, இனிமேல்தான் நிற்கப் போகிறவரா? செயலாளரிடம் போய்க் கேட்டேன். "கவுன்சில் ஆள்" என்றார். அவ்வளவுதான் அவருக்கும் தெரிந்தது.

நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. நாளைக்குத் தேரோட்டத்துக்கு வீதியை மறிக்க வேண்டும், மண்டபத்தைப் பெருப்பிக்க அனுமதி வேண்டும், தமிழ்ப் பாடசாலைக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பறை வேண்டும். அந்த நேரத்தில் தெரிந்த முகம் ஒன்று கவுன்சிலில் இருந்தால் நல்லது என்ற கணக்கு. ஊரிலிருந்தே கொண்டு வந்த கணக்கு அது. ஆனால் இங்கே அது பெரிதாக வேலை செய்வதில்லை. வீதியை மறிக்கும் அனுமதியை அலுவலர்கள்தான் பார்க்கிறார்கள். கட்டட அனுமதி விஷயத்தில், அதற்கான குழுவில் இருக்கும் கவுன்சிலர் திறந்த மனதோடு வர வேண்டும் என்பது விதி. உங்கள் மேடையில் ஏறி "நிச்சயம் வாங்கித் தருவேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்தவர் அந்த விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டியதுதான். நீங்கள் போர்த்திய பொன்னாடை உங்களுக்கே ஒரு வாக்கைக் குறைத்துவிடும்.

அப்புறம் இந்த மேயர் விஷயம். பக்கத்தில் ரெட்பிரிட்ஜிலும் தூரத்தில் ஹரோவிலும் தங்கச் சங்கிலியோடு வருபவர் ஒரு வருடத்துக்கான அலங்கார மேயர். அங்கே அதிகாரம் கவுன்சில் தலைவரிடம் இருக்கிறது. நியூஹாமில் 2002 முதல் மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் மேயர். பணம், ஆட்கள், திட்டம் எல்லாம் அவருடைய கையில். அவர் போடும் வரவு செலவுத் திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் கவுன்சிலில் மூன்றில் இரண்டு பங்கு சேர வேண்டும். 2021இல் இந்த முறையை வைத்திருப்பதா விடுவதா என்று வாக்கெடுப்பு வந்தபோது 56 சதவீதம் பேர் வைத்திருக்கச் சொன்னார்கள். சரி, அது மக்கள் முடிவு. ஆனால் அந்த வாக்கெடுப்புக்கு முன் எங்களுடைய எந்த மண்டபத்திலாவது அதைப்பற்றிப் பத்து நிமிடம் பேசியது யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2010இல் இந்தக் கவுன்சிலில் 60 இடங்கள். தொழிற்கட்சி 60. 2014இலும் 60. 2018இலும் 60. 2022இல் இடங்கள் 66 ஆகின, தொழிற்கட்சி 64, பசுமைக் கட்சி 2. பன்னிரண்டு வருடம் எதிர்க்கட்சி என்று ஒருவரும் இல்லாத சபை. அந்தக் கட்சிமேல் எனக்குக் கோபம் இல்லை, நானே அவர்களுக்குப் பலமுறை புள்ளடி போட்டிருக்கிறேன். இந்த மண்ணில் அந்தக் கட்சிக்கு வேர் ஆழம். 1889இல் பெக்டன் எரிவாயு ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலைநாளை வென்றெடுத்தது இங்கே. 1892இல் தொழிலாளர் தலைவர் கியர் ஹார்டி வெஸ்ட்ஹாம் தெற்கிலிருந்துதான் பாராளுமன்றம் போனார். 1898இல் வெஸ்ட்ஹாம் நகரசபையில் தொழிலாளர் பக்கம் பெரும்பான்மை பெற்றபோது அது நாட்டுக்கே புதுமை. துறைமுகத்திலும் ஆலையிலும் முதுகு ஒடிந்தவர்களின் கட்சி இங்கே வெல்வதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. அதோடு இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. லண்டனின் இன்னொரு பரோவான ரிச்மண்டில் 2022இல் 54 இடங்களில் 48ஐ லிபரல் டெமோக்ராட்டுகள் எடுத்தார்கள். பழமைவாதக் கட்சிக்கு ஒன்றே ஒன்று.

ஆனால் 60க்கு 60 என்றால் கணக்குக் கேட்பது யார்? கவுன்சிலில் மேற்பார்வைக் குழுக்கள் உண்டு. மேயரின் முடிவுகளைத் துருவிப் பார்ப்பது அவற்றின் வேலை. அந்தக் குழுவில் இருப்பவரும் மேயரும் ஒரே கட்சி, அடுத்த தேர்தலில் அவருக்கு இடம் கொடுப்பதா என்று முடிவெடுப்பதும் அதே கட்சி. மாமியாரின் சமையலுக்கு மருமகளிடம் புள்ளி போடச் சொன்ன மாதிரி.

'லோபோ' கடன் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. முதலில் வட்டி குறைவாக இருக்கும். பிறகு குறித்த காலங்களில் வட்டியைக் கூட்டும் உரிமை வங்கிக்கு உண்டு. கூட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது முழுக் கடனையும் கட்ட வேண்டும். 50, 60 வருடத்துக்கும் போகும். நாட்டில் வேறு எந்தக் கவுன்சிலையும்விட நியூஹாம்தான் இதில் அதிகம் எடுத்திருந்தது, 50 கோடி பவுணுக்கும் மேல். ஒலிம்பிக் அரங்கத்துக்கு 4 கோடி பவுண் கடனாகக் கொடுத்து அதையும் கைவிட்டார்கள். 2024 ஒக்டோபரில் சமூக வீடுகளுக்கான ஒழுங்குமுறை அமைப்பு நியூஹாமுக்கு சி4 என்ற தரம் கொடுத்தது. அதற்குக் கீழே தரம் இல்லை, நாட்டில் அதை முதலில் வாங்கியதும் நாங்கள்தான். நாள் கடந்தும் செய்யப்படாத தீப் பாதுகாப்பு வேலைகள் மட்டும் 9,000க்கு மேல். தற்காலிக வீடுகளில் வாழும் குடும்பங்களின் விகிதத்திலும் இங்கிலாந்தில் நாங்கள்தான் முன்னுக்கு. அந்தச் செலவு கழுத்தை நெரிக்க, 2025 ஏப்ரலில் கவுன்சில் வரியை 8.99 சதவீதம் கூட்டினார்கள். வழமையாக 5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மக்களிடம் வாக்கெடுப்பு வைக்க வேண்டும். மத்திய அரசின் விசேட அனுமதி கிடைத்ததால் அது வேண்டியிருக்கவில்லை.

எதிர்க்கட்சி இருந்திருந்தால் இதெல்லாம் நடந்தே இராது என்று நான் சொல்ல மாட்டேன். தெற்கு லண்டனில் குரொய்டனில் பலமான எதிர்க்கட்சி இருந்தது, இருந்தும் 2020 நவம்பரில் அந்தக் கவுன்சில் கையில் காசில்லை என்று அறிவித்தது. வீட்டுப் பிரச்சினையில் பெரும்பகுதி லண்டன் முழுவதற்கும் உரியது. ஆனால் குரொய்டனில் அடுத்த தேர்தலில் மக்கள் கணக்குத் தீர்த்தார்கள். 2022இல் புதிதாக உருவான மேயர் பதவி மற்றக் கட்சிக்குப் போனது, கவுன்சிலில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. நியூஹாமில் அந்தக் கணக்கை யாரிடம் தீர்ப்பது என்பதே தெரியாமல் இருந்தோம்.

தீர்த்த ஒரு தடவை உண்டு, அது எங்கே நடந்தது என்று பாருங்கள். ராபின் வேல்ஸ் 1995 முதல் கவுன்சில் தலைவர், 2002 முதல் மேயர். நான்கு தேர்தல் வென்றவர். 2018 மார்ச்சில் அவரை இறக்கியது தேர்தல் இல்லை, அவருடைய கட்சியின் உட்கட்சி வாக்கெடுப்பு. ருக்சானா ஃபயஸ் 861, வேல்ஸ் 503. மூன்றரை இலட்சம் பேர் வாழும் பரோவின் ஆட்சியை மாற்றியது 1,364 வாக்குகள். மே மாதத்தில் நாங்கள் வரிசையில் நின்று போட்டது, ஏற்கெனவே எழுதி முடித்த கடிதத்துக்கு முத்திரை.

உங்கள் மேடைகளில் நான் காணும் பிழையும் இதில்தான் இருக்கிறது. மார்ச் மாதம் முடிவான ஆளுக்கு ஏப்ரலில் மாலை போடுகிறீர்கள். அவரைத் தெரிவு செய்த இடத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? கட்சியில் சேர விருப்பமானவர்கள், எந்தக் கட்சியானாலும், சேர்ந்து வார்ட் கூட்டங்களுக்குப் போகட்டும் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். (ஒரே வீட்டு முகவரியில் இருபது பேரைச் சேர்த்துவிடும் வேலையைச் சொல்லவில்லை. அதை எல்லாச் சமூகத்திலும் செய்து பார்த்திருக்கிறார்கள், கடைசியில் அசிங்கப்பட்டதுதான் மிச்சம்.) தமிழ்க் கவுன்சிலர்கள் இந்தப் பரோவில் இருந்திருக்கிறார்கள், நல்லது. அவர்களிடமும் நாங்கள் கேள்வி கேட்டதில்லை. "எங்கட ஆள்" என்று பெருமைப்பட்டதோடு சரி.

என்னுடைய அம்மாவின் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் வாக்களித்துவிட்டு வந்து, "ஒரு புள்ளடி வடிவாய்ப் போட்டன்" என்றார். எங்கள் வார்ட்டில் மூன்று இடம், மூன்று புள்ளடி போடலாம். இரண்டை வீணாக்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில் விருப்பு வாக்கெல்லாம் கணக்குப் பார்த்துப் போட்டவர் அவர். இங்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த மூன்று புள்ளடி முறைதான் 60க்கு 60ஐ உண்டாக்குகிறது. நூறு பேரில் 45 பேர் ஒரு கட்சியின் மூன்று பேருக்கும் போட்டு, மிச்ச 55 பேர் நாலு பக்கம் சிதறினால், மூன்று இடமும் அந்த 45க்கே. ஸ்கொட்லாந்தில் 2007 முதல் உள்ளூர்த் தேர்தலில் விருப்பு வரிசைப்படி இடம் பங்கிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிரதேச சபைக்குக்கூட 60 பங்கு வட்டாரம், 40 பங்கு விகிதாசாரம் என்று ஆக்கியாயிற்று. இங்கிலாந்து மட்டும் அசையவில்லை. போதாததற்கு, மேயர் வாக்கில் இருந்த இரண்டாவது விருப்பத்தையும் 2022இல் கொண்டுவந்த சட்டம் எடுத்துவிட்டது. இந்த மே மாதம் நியூஹாம் மேயருக்கு ஒரே ஒரு புள்ளடிதான். 30 சதவீதத்தோடும் ஒருவர் வந்து அமரலாம்.

அதே நேரத்தில் இம்முறை போட்டி முன்போல இல்லை. 2023இல் நடந்த இடைத்தேர்தல்களில் பொலின் வார்ட்டிலும் பிளாஸ்டோ வடக்கிலும் சுயேச்சைகள் வென்றார்கள். பசுமைக் கட்சிக்கு ஏற்கெனவே கால் வைக்க இடம் கிடைத்துவிட்டது. கட்சிகள் எங்கள் வாசலைத் தேடி வருகிற காலம் இது, அந்தக் காலத்தில் நீங்கள் பொன்னாடை வாங்க கிறீன் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறீர்களே என்பதுதான் என் கவலை.

ஆலய சபைகளுக்குத் தனியாக ஒன்று. உங்களில் பெரும்பாலானோர் பதிவு செய்த அறக்கட்டளைகள். அறக்கட்டளை ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு தரக் கூடாது என்று அறக்கட்டளை ஆணையம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. பூசை முடிந்து ஒலிவாங்கியில் "இவருக்கு எங்கட ஆதரவு" என்று சொல்வது சின்ன விஷயமாகத் தெரியும். பக்கத்து டவர் ஹாம்லெட்ஸைப் பாருங்கள். 2014இல் வென்ற மேயர் லுத்ஃபுர் ரஹ்மானின் தெரிவை 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்றது. சொன்ன காரணங்களில் ஒன்று, 101 இமாம்கள் கையெழுத்திட்ட ஆதரவுக் கடிதம். மத வழியாக வாக்காளர்மேல் தகாத அழுத்தம் என்று தீர்ப்பு. ஐந்து வருடத் தடை முடிந்து 2022இல் அவர் திரும்பவும் மேயராக வந்தார், அது வேறு கதை. ஆனால் குருக்களையும் பிரசாதத்தையும் தேர்தலுக்குள் இழுக்க நினைப்பவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருக்கால் வாசிக்கட்டும். வாக்கைப் பிடிக்க வேட்பாளர் செலவில் சனத்துக்குச் சாப்பாடு போடுவதும் குற்றம்தான். அன்னதானம் வேறு, வாக்குக்குக் கொத்துரொட்டி வேறு.

அதே ஆணையம் இன்னொன்றையும் சொல்கிறது: வேட்பாளர்களை நடுநிலையாக அழைத்துக் கேள்வி கேட்கும் கூட்டத்தை அறக்கட்டளைகள் தாராளமாக நடத்தலாம்.

நான் கேட்பது அதைத்தான். வேட்புமனு ஏப்ரல் 9ஆம் திகதி பின்னேரம் 4 மணிக்கு முடிகிறது. அடுத்த நாளே யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 20, திங்கட்கிழமை. இடையில் சித்திரை வருடப்பிறப்பு வருகிறது. நீங்கள் எப்படியும் விழா வைப்பீர்கள். 19ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை விழாவில் பிள்ளைகளின் நடனம் முழுவதும் முடியட்டும், பாதியில் நிறுத்த வேண்டாம். பிறகு இரண்டு மணி நேரம் எடுங்கள். மேயர் வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பி ஒரே மேசையில் இருத்துங்கள். பிடிக்காத கட்சியையும் கூப்பிடுங்கள். கேள்விகளைச் சனம் தமிழில் எழுதித் தரட்டும், பிள்ளைகள் மொழிபெயர்த்து வாசிக்கட்டும். விசா பற்றியும் வைத்தியசாலைக் காத்திருப்புப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள், அவை கவுன்சிலின் கையில் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தீப் பாதுகாப்பு வேலை எத்தனை முடிந்தது? தற்காலிக வீட்டுக்கு அனுப்பிய குடும்பத்தின் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பஸ் ஏற வேண்டும்? வென்றால் மேற்பார்வைக் குழுவின் தலைமையை மற்றக் கட்சிக்குக் கொடுப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒவ்வொருவரும் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சிரித்துச் சமாளிக்க விடக் கூடாது.

மண்டப வாசலில் இரண்டு மடிக்கணினி வையுங்கள். இங்கே சட்டப்படி வசிக்கும் விசா உள்ள இலங்கை, இந்தியக் குடிமக்கள் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் வாக்களிக்கலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டு தேவையில்லை. மாணவராக வந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. இது தெரியாமல் பதினைந்து வருடம் இருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். வாக்குச் சாவடிக்குப் படமுள்ள அடையாள அட்டை கொண்டு போக வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டும் செல்லும், வயதானவர்களின் இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸும் செல்லும், மாணவர்களின் ஒய்ஸ்டர் பயண அட்டை செல்லாது. ஒன்றுமே இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு ஏப்ரல் 28க்குள் விண்ணப்பிக்கலாம். முந்தி எப்போதோ தபால் வாக்குக்குப் பதிந்தவர்களில் பலருடைய பதிவு ஜனவரி 31உடன் முடிந்துவிட்டது, திரும்பவும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஏப்ரல் 21 பின்னேரம் 5 மணி கடைசி. அப்புறம், கட்சிக்கு வேலை செய்கிற யாரும் "தாங்கோ அம்மா, நான் போட்டு விடுறன்" என்று தபால் வாக்கை வாங்கிக்கொண்டு போனால் அது இப்போது குற்றம். வயதானவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

பொன்னாடைக்கு ஒதுக்கிய காசில் தேநீரும் வடையும் போதும். அந்த வயதான அம்மாவை முன்வரிசையில் இருத்துங்கள், அவருடைய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. மண்டபம் எது, எத்தனை மணிக்கு என்று அறிவியுங்கள். வழமைபோலக் கதிரை அடுக்க நான் வருவேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசையிலிருந்து,
ஈஸ்ட்ஹாம் வாசி ஒருவன்